இறங்கினால் நல்லது

பேத்தி பிறந்ததிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்க வருகிறவர்கள், மூக்கு தாத்தா மூக்கு, நெற்றி அப்பன் நெற்றி என்று பிள்ளையைப் பங்கு போட்டுக்கொண்டு போகிறார்கள். யாருக்கு எது போனாலும் சரி, அந்த நீளமான விரல்கள் அவள் அம்மாவுடையவை. அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் என் மருமகளைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. வீட்டில் இவ்வளவு பெரிய சந்தோஷம் வந்திருக்கிறது. அவள் மட்டும் அதற்குள் வராமல் வெளியிலேயே நிற்கிறாள்.

அவள் வளர்ந்தது சித்தி வீட்டில். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். அப்பா லாரி ஓட்டப் போனவர், போனவர் போனவர்தான். சித்தி நல்லவள். ஆனால் வீடு ஒரே அறை. ராத்திரி ஒருவர் புரண்டால் எல்லாரும் புரள வேண்டும். அவளுக்கென்று கிடைத்தது ஜன்னல் ஓரத்தில் ஒரு முழம் இடம். துணி, புத்தகம், சீப்பு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். புதிதாக ஒன்று வந்தால் பழையது ஒன்று வெளியே போக வேண்டும்.

“எது இல்லாம இருக்க முடியும்னு பார்த்துப் பார்த்தே வளர்ந்துட்டேன் மாமா” என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அந்தப் பழக்கத்தோடுதான் எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி போன பிறகு நானும் மகனும் மட்டும் இருந்த வீடு. இரண்டு ஆம்பிளைகள் இருந்த வீடு எந்த லட்சணத்தில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வந்த வாரமே அடுப்படியில் பாதியைத் தூக்கி வெளியே போட்டாள். மீதியைக் கண்ணாடி பாட்டில்களில் நிரப்பி வரிசையாக வைத்தாள். பாட்டில்களில் நான் ஒட்டி வைத்திருந்த காகிதங்களை எல்லாம் ஈரத்துணியால் ஊறவைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“எதுக்கும்மா பேரைச் சுரண்டுற?”

“கண்ணாடிதானே மாமா. உள்ள இருக்கறது பளிச்சுனு தெரியுது. அப்புறம் எதுக்குப் பேரு?”

மறுநாள் காலை நான் போட்ட டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பு.

“பளிச்சுனு தெரியும்னியே!”

“தெரியுது மாமா. உங்களுக்குத்தான் கண்ணாடி மாத்தணும்” என்றாள். என் மகன் சிரித்த சிரிப்பில் அவனுக்குப் புரையேறிவிட்டது.

நாங்கள் மூன்று பேருமே ஒரே ஆலை. கண்ணாடி பாட்டில் செய்கிற ஆலை. நான் ஓய்வு பெறும்வரை அங்கே பாட்டில் பார்த்தேன். வெளிச்சமான ஒரு திரைக்கு முன்னால் பாட்டில்கள் வரிசையாக ஓடும். கீறல், குமிழி, கோணல் இருந்தால் எடுத்துத் தொட்டியில் போட வேண்டும். தொட்டியில் விழுந்தால் அதற்குப் பெயர் உடைசல். உடையாமல் முழுசாக இருந்தாலும் உடைசல்தான். அது திரும்ப உலைக்குப் போய் உருகும். நூறு பாட்டிலுக்கு எத்தனை உடைசல் என்பதை வைத்துத்தான் ஒரு உலையின் மானம் மரியாதை எல்லாம். குறைந்தால் அன்றைக்கு உலைக்காரர்கள் விசில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். கூடினால் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க மாட்டார்கள்.

ஆலையில் இரண்டு உலை. பெரிய உலையில் குளிர்பான பாட்டில், சின்ன உலையில் மருந்து பாட்டில். என் மகன் சின்ன உலையில் ஷிப்ட் பொறுப்பாளன். உடைசல் கணக்கை ஒரு தாளில் எழுதித் தினமும் ஆபீஸில் கொடுக்க வேண்டும். அங்கே அதை வாங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலையில் அவள் இருந்தாள். ஒரு தாளைக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? இவன் போனால் திரும்ப மாட்டான். “உடைசல் கணக்கு கொடுக்கப் போனவன் தானே உடைஞ்சு போய் வந்துட்டான்டா” என்று உலைக்காரர்கள் கேலி செய்வார்கள். அப்படித்தான் அவள் எனக்கு மருமகள் ஆனாள்.

அவளுடைய வேலையில் எனக்குப் பிடித்தது படம். ஷீட்டில் கட்டம் கட்டமாக நிறைந்திருக்கிற எண்களைக் கோடாகவும் பட்டையாகவும் மாற்றுகிறார்களே, அது. ஆபீஸில் சார்ட் என்பார்கள். அவள் படம் என்றுதான் சொல்வாள். அவளுக்கு முன்னால் மேனேஜரே அதைப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் படங்களை நோட்டீஸ் பலகையில் நானும் பார்த்திருக்கிறேன். தடித்தடியாகத் தூண்கள் நிற்கும். மாசத்துக்கு ஒரு நிறம். பலூன்காரன் வந்து நிற்பது போல இருக்கும். முன்னால் நிற்கிற தூண் பின்னால் நிற்கிறதை மறைக்கும். ஓரத்தில் எந்த நிறம் எது என்று சொல்ல ஒரு பெட்டி. அதைப் பார்த்துவிட்டுத் தூணுக்குத் திரும்புவதற்குள் நிறம் மறந்துபோகும். இடது பக்கத்து அளவும் பூஜ்யத்திலிருந்து தொடங்காது, நடுவில் எங்கேயோ தொடங்கும். அரை பாட்டில் வித்தியாசம்கூட மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசமாகத் தெரியும்.

அவள் முதல் வாரமே மேனேஜரிடம் கேட்டாளாம்.

“சார், தூணுக்கு எதுக்கு சார் நிழலு? ஆபீஸுக்குள்ள வெயிலா அடிக்குது?”

“அழகா இருக்கேம்மா.”

“எல்லாரும் அழகைப் பார்த்துட்டுப் போயிடுறாங்க சார். கணக்கை யாரும் பார்க்கலை.”

மேனேஜர் நல்ல மனுஷர். நீயே போடு என்று விட்டுவிட்டார். அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள். நிழல் போனது. தடிமன் போனது. குறுக்கும் நெடுக்குமாக ஓடிய கோடுகள் போயின. அளவைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கினாள். ஓரத்துப் பெட்டியை எடுத்துவிட்டு, கோடு முடிகிற இடத்திலேயே அதன் பெயரை எழுதினாள். எதை ஜனங்கள் பார்க்க வேண்டுமோ அந்த ஒரு கோட்டுக்கு மட்டும் அழுத்தமான நீலம், மற்றதெல்லாம் சாம்பல். ஆபீஸில் அவளுக்கு ‘ரப்பர்’ என்று பெயர் வைத்தார்கள். அழித்துக்கொண்டே இருப்பதால். அவளுக்கு அந்தப் பெயரில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

போடுகிற படத்தை எல்லாம் போனில் கொண்டுவந்து என்னிடம் காட்டுவாள். நான் படித்தது சொற்பம். எனக்குப் புரிந்தால் ஊருக்கே புரியும் என்பது அவள் கணக்கு.

“மாமா, கண்ணை மூடுங்க. ம், இப்ப தொறங்க. மூடுங்க. என்ன தெரிஞ்சுது?”

“ஒரு எலி ஓடுச்சு.”

“மாமா!”

“பெரிய உலை போன மாசத்தைவிட மோசம். போதுமா?”

போதும். முகம் மலர்ந்துவிடும். கண் திறந்து மூடுகிற நேரத்துக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும், அதுதான் படம் என்பாள்.

அவளுக்கு வயிற்றில் பிள்ளை தங்கிய சமயத்தில்தான் ஆலையில் அந்தப் பேச்சு வந்தது. ஊர் உலகமே பிளாஸ்டிக்குக்குப் போய்விட்டது, ஆர்டர் குறைந்துவிட்டது, இனி ஒரு உலைதான் எரியும் என்று. எது எரியும், எது அணையும் என்பதை முதலாளிகள் சொல்வார்கள். அவர்கள் வேறு ஊரில் இருந்தார்கள். மாதம் ஒருமுறை மூத்த முதலாளியின் மச்சான் வந்து பார்த்துவிட்டுப் போவார். முதலாளிக்குத்தான் அவர் மச்சான். ஆனால் ஆலை மொத்தமும் அவரை மச்சான் என்றுதான் சொல்லும், அவர் காதில் விழாமல்.

கண்ணாடி உலை வீட்டு அடுப்பு மாதிரி அல்ல. ஒருமுறை பற்றவைத்தால் வருஷக் கணக்கில் எரிய வேண்டும். அணைத்தால் உள்சுவர்க் கல் எல்லாம் விரிசல் விட்டுப்போகும். அப்புறம் இடித்துவிட்டுப் புதிதாகத்தான் கட்ட வேண்டும். எங்கள் முதலாளிகள் புதிதாகக் கட்டுகிறவர்கள் இல்லை. சின்ன உலை அணைந்தால் என் மகனும் அவனோடு இருக்கிற அத்தனை பேரும் வெளியே.

மேனேஜர் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: “ரெண்டு உலையோட உடைசலையும் ஒரே படத்துல காட்டும்மா. பெரியவங்களுக்குப் பொறுமை கிடையாது. ஒரு பார்வையில தெரியணும்.”

சின்ன உலையில் உடைசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்திருந்தது. அதற்கு என் மகனும் உலைக்காரர்களும் பட்ட பாடு எனக்குத் தெரியும். பெரிய உலை இருந்த இடத்திலேயே இருந்தது. கணக்கு எங்கள் பக்கம். வீட்டில் அன்றைக்கு எல்லாருக்கும் நிம்மதி.

சாப்பிடும்போது என் மகன் மெல்ல ஆரம்பித்தான். “பெரிய உலை கோட்டைக் கொஞ்சம் மேல ஏத்தி வரையேன். யாருக்குத் தெரியப்போகுது?”

“ஏன், உங்க தலையையும் கொஞ்சம் பெருசா வரையட்டுமா? உள்ளது உள்ளபடி காட்டினாலே நாம ஜெயிக்கிறோம். எதுக்குப் பொய்?”

“ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.”

“பேச்சுக்கும் வேண்டாம். சோத்தைத் தின்னுங்க.”

அந்த ஒரு படத்துக்கு அவள் எடுத்துக்கொண்ட சிரத்தை மாதிரி நான் வேறு எதிலும் பார்த்ததில்லை. சின்ன உலைக்கு நீலக் கோடு. மேலேயிருந்து தொடங்கி, வழுக்கிக்கொண்டு வருகிற மாதிரி அழகாகக் கீழே இறங்கியது. பெரிய உலைக்குச் சாம்பல் கோடு, மேலே படுத்துக் கிடந்தது. கோடுகளின் முனையில் சின்ன உலை, பெரிய உலை என்று பெயர். படத்தின் தலையில் ‘நூறு பாட்டிலுக்கு உடைசல்’ என்று ஒரு வரி இருந்தது. மேனேஜர் கூட்டத்துக்குத் தயார் செய்த பக்கத்திலும் மேலே பெரிய எழுத்தில் ‘உடைசல் விவரம்’ என்று இருந்தது. ஒரே விஷயத்தை எதற்கு இரண்டு தடவை சொல்ல வேண்டும்? தன் படத்தில் இருந்த வரியை அவள் எடுத்துவிட்டாள்.

போனைக் கொண்டுவந்து நீட்டினாள். கண்ணை மூடித் திறந்தேன்.

“சின்ன உலை சூப்பரா இறங்குதும்மா. பெருசு அப்படியே கிடக்கு.”

“அவ்வளவுதான் மாமா. இதுக்கு மேல எடுக்க ஒண்ணுமில்லை.”

இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. சின்ன உலையை அணைக்கச் சொல்லியிருந்தார்கள்.

யாருக்கும் எதுவும் புரியவில்லை. மேனேஜர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம், பின்பக்கத்தில் வேறு ஏதாவது எழுதியிருக்குமோ என்கிற மாதிரி. போன் போட்டுக் கேட்டதற்கு, பெரியவர்கள் எல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்திருக்கிறார்கள் என்று பதில். உலைக்காரர்கள் இதில் ஏதோ சூது இருக்கிறது என்றார்கள். பெரிய உலையை வேறு யாருக்கோ விற்கப்போகிறார்கள், அதனால்தான் நல்லதை மூடிவிட்டுச் சொத்தையை விட்டுவைக்கிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அதை எல்லாரும் நம்பினார்கள். என் மகனும் நம்பினான்.

உலையை வடித்த நாள் நானும் போயிருந்தேன். அடியில் ஒரு துளை உண்டு. அதைத் திறந்துவிட்டார்கள். உருகிய கண்ணாடி தேன் மாதிரி, தேனைவிட அழுத்தமாக, தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கியது. விழுந்த இடத்தில் பொரிந்து தூள் தூளானது. மகன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றான். மாலைக்குள் உலை வாய் கறுத்துவிட்டது. உள்ளே கல் விரிசல் விடுகிற சத்தம் மட்டும் அவ்வப்போது கேட்டது.

அதற்கு அடுத்த வாரம் மச்சான் வந்தார். ஆபீஸுக்குள் சுற்றி வந்தவர் அவள் மேஜைக்கு முன்னால் நின்றார். இதை அவள் எனக்குச் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

“நீதானேம்மா அந்தப் படம் போட்டது? பிரமாதம். நான் அதை மட்டும் வெட்டி எடுத்து எல்லாருக்கும் போன்ல அனுப்பிட்டேன். அத்தனை பக்கத்தை யாரு படிக்கிறது? ஒரே பார்வையில தெரிஞ்சுது பாரு.”

“தேங்க்ஸ் சார். என்ன சார் தெரிஞ்சுது?”

“சின்ன உலை சரிஞ்சுக்கிட்டே போகுது, பெருசு ஸ்டெடியா நிக்குதுன்னு. நீலக் கலர்ல வேற போட்டிருந்தியா, அடிச்ச மாதிரி தெரிஞ்சுது. எங்க பெரியவரு, இந்தப் பொண்ணுக்கு ஒரு நல்ல நாற்காலி போடுங்கன்னாரு.”



“சார், அது உற்பத்தி இல்லை சார். உடைசல்.”

“என்னது?”

“உடைசல் சார். இறங்கினா நல்லது.”

மச்சான் போனை எடுத்து அந்தப் படத்தைப் பார்த்தார். வெறும் படம். மேனேஜருடைய பக்கம் இல்லை, தலைப்பு இல்லை. நீலக் கோடு இறங்குகிறது, சாம்பல் கோடு நிற்கிறது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டுப் போனைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

“அது... இது மட்டும் காரணம் இல்லம்மா. எரிவாயு செலவு இருக்கு, ஆர்டர் இருக்கு, எத்தனையோ இருக்கு. எப்படியும் ஒண்ணை மூடித்தான் ஆகணும்.” கதவு வரைக்கும் போனவர் திரும்பி வந்து தணிந்த குரலில், “இதைப் பெருசாக்க வேண்டாம். உலைதான் அணைஞ்சு போச்சே” என்றார்.

அன்று வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் எதிரே உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். “நான் பார்த்தப்பவே புரிஞ்சுதேம்மா” என்றேன்.

“நீங்க அந்த ஆலையிலயே இருந்தவரு மாமா. உங்க மகன் தினம் உடைசல் உடைசல்னு புலம்புறதைக் கேட்கிறவரு. உங்களுக்கு முன்னாடியே தெரியும், அதனால தெரிஞ்சுது. ஒண்ணும் தெரியாத ஒருத்தர்கிட்ட நான் காட்டவே இல்லை.”

மகனிடம் அவளே சொன்னாள். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன், உட்காருங்கள் என்றாள். அவன் முதலில் சிரித்தான். விளையாடுகிறாள் என்று நினைத்தான். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

“எல்லாத்தையும் எடுத்தியே. நிழலை எடுத்த, கோட்டை எடுத்த, சரி. உடைசல்னு ஒரு வார்த்தை. அது உன்னை என்ன பண்ணுச்சு?”

அவள் போனை எடுத்து அந்தப் படத்தை அவன் முன்னால் வைத்தாள்.

“இறங்குறது நல்லதுன்னு நமக்குத் தெரியும். அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் பொழப்புல எது இறங்கினாலும் நஷ்டம்தானே!”

அவ்வளவுதான் பேசினான். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உலைக்காரர்கள் ஆலை வாசலில் சைக்கிள் நிறுத்துகிற தகரக் கொட்டகைக்குக் கீழே தினமும் கூடி உட்கார்ந்தார்கள். முதலாளியின் சூதை எதிர்த்துக் கோஷம் போட்டார்கள். அவர்களிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அவள் துடித்தாள். தப்பான ஆளைத் திட்டிக்கொண்டிருக்கிறார்களே என்று. மகன் வேண்டாம் என்றான்.

“சொன்னா உன்னைத்தான் பிடிச்சுக் கிழிப்பாங்க.”

“கிழிக்கட்டும்.”

“வயித்துல பிள்ளையை வச்சுக்கிட்டு அந்தக் கூட்டத்துல போய் நிக்கப்போறியா?”

அவள் போனாள். தனியாக விட மனசில்லாமல் நானும் கூடப் போனேன். கூட்டத்துக்கு நடுவில் உலை அண்ணன் உட்கார்ந்திருந்தார். உலைக்காரர்களில் மூத்தவர், எல்லாருக்கும் அண்ணன், வயதில் மூத்த எனக்கும் அண்ணன். “வா ரப்பரு” என்று இடம் ஒதுக்கினார். அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். படம், தலைப்பு, மச்சான் வெட்டி எடுத்தது, எல்லாம். சொல்லி முடித்ததும் பின்வரிசையில் ஒருத்தன் சிரித்தான்.

“ஏம்மா, எங்ககிட்டயே படம் காட்டுறியா?”

கூட்டம் மொத்தமும் சிரித்துவிட்டது. அவள் அதைப் புரிந்துகொள்ளாமல், “இதோ காட்டுறேன்” என்று போனை எடுத்தாள். சிரிப்பு இன்னும் பெரிதானது.

“போனை உள்ள வைம்மா” என்றார் உலை அண்ணன். அவர் சிரிக்கவில்லை. “மச்சான் சொல்லி அனுப்பினாரா?”

“இல்லண்ணே. சத்தியமா என் தப்புதான்.”

“முதலாளி கெட்டவன் இல்ல. பாவம், படம் பார்க்கத் தெரியாதவன். தெரியாம மூடிட்டான். நாங்க கோஷத்தை நிறுத்திட்டு வீட்டுக்குப் போகணும். அப்படித்தானே?”

“அப்படி இல்லண்ணே...”

“ஒரு கோட்டைத் தப்பாப் பார்த்து உலையை அணைச்சான்னு சொன்னா, என் வீட்டுப் பொம்பளையே நம்ப மாட்டா. சரி, ஒண்ணு கேக்குறேன். எங்க எல்லாருக்கும் வேலை போச்சு. உன் புருஷனுக்குப் போச்சு. உனக்கு மட்டும் எப்படிம்மா போகலை?”

“வாம்மா” என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தேன். எங்கள் தெரு முனையில் அவள் நின்றாள். “திட்டுவாங்கன்னு நினைச்சேன் மாமா. நம்பாம இருப்பாங்கன்னு நினைக்கவே இல்லை.”

கூட்டம் கொஞ்ச நாளில் தானாகக் கரைந்தது. ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். என் மகனுக்கு வேறு ஊரில் பிளாஸ்டிக் பாட்டில் செய்கிற இடத்தில் வேலை கிடைத்தது. “தூக்கி எறிஞ்சாலும் உடையாதுப்பா. கணக்கு எழுதுற வேலையே இல்லை” என்று போனில் சொன்னான். அவனுக்கு அது சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் பிள்ளை பெறப் போகிறவரை அதே ஆபீஸுக்குத்தான் போய்வந்தாள். புது நாற்காலி வந்தது. அவள் பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். அவள் போடுகிற படங்களில் இப்போது எழுத்து மண்டிக் கிடந்தது. மேலே ஒரு வரி, இது என்ன என்று. கீழே ஒரு வரி, எதிலிருந்து எடுத்தது என்று. ஏறினால் நல்லதா இறங்கினால் நல்லதா என்று அம்புக்குறி போட்டு இன்னொரு வரி. “படத்தைவிட எழுத்து ஜாஸ்தியா இருக்கேம்மா” என்றாராம் மேனேஜர். இருக்கட்டும் சார் என்றாளாம். இப்போது அவளை யாரும் ரப்பர் என்று கூப்பிடுவதில்லை. ஆபீஸ் விஷயமாக என்னிடமும் எதையும் நீட்டுவதில்லை. கண்ணை மூடச் சொல்வதில்லை.

பேத்தி பிறந்தாள். மகன் லீவு போட்டு வந்தான். பிள்ளையைக் கையில் வாங்கியதும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஆலையில் பாட்டிலைத் தூக்கிப் பார்ப்பது மாதிரி வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தான். “என்னடா, கீறல் ஏதாவது இருக்கா?” என்றேன். “முதல் தரம்பா” என்றான். நாங்கள் இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம். அவள் கட்டிலில் படுத்தபடி எங்களைப் பார்த்தாள். உதடு மட்டும் கொஞ்சம் அசைந்தது.

இருந்த நாள் முழுக்க அவர்கள் இரண்டு பேரும் பிள்ளையை வைத்துத்தான் பேசிக்கொண்டார்கள். பாலு குடிச்சாளா, துணி மாத்தணும், தூங்கிட்டா. அதற்கு மேல் இல்லை. அவன் கிளம்புகிற அன்று காலை பையைத் தோளில் போட்ட பிறகு, அவளே கேட்டாள். நான் அடுப்படியில் இருந்தேன். சின்ன வீடு, எல்லாம் கேட்கும்.

“ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நான் அந்த வார்த்தையைப் போட்டிருந்தா, உலை இருந்திருக்குமா?”

“தெரியாது.”

“ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. எதுவா இருந்தாலும் பரவாயில்லை.”

பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

“எப்படியும் மூடியிருப்பாங்கன்னு சொன்னா நீ நம்ப மாட்ட. மூடியிருக்க மாட்டாங்கன்னு சொல்லிட்டா...” நிறுத்தினான். “அதை வாய்விட்டுச் சொல்லிட்டா, அப்புறம் நான் எப்படி இந்த வீட்டுக்கு வர்றது?”

பிள்ளையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். என்னிடம் வந்து, “வர்றேம்பா” என்றான். அவளைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான். தெரு முனை வரை கூடப் போனேன். “அவ மேல கோபம் இல்லப்பா. கோபமா இருந்தா ரெண்டு நாள்ல தீர்ந்துடும்” என்றான்.

திரும்பி வந்தபோது பிள்ளை வீறிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை மடியில்தான் கிடந்தது. கை மட்டும் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தக் கைக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி.

“நீங்க கொஞ்சம் எடுங்க மாமா” என்றாள்.

எடுத்துக்கொண்டேன். தோளில் போட்டதும் பேத்தி அழுகையை நிறுத்திவிட்டாள். என் காதைப் பிடித்துக்கொண்டாள். சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அந்த நேரத்திலும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மருமகள் பார்த்துவிடக் கூடாதென்று ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.